உப்புக் காற்றில் ஒரு லாண்ட் ரோவர்

காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்பதை வீட்டுக்காரர்கள் அனுபவத்தில் அறிவார்கள். ஜன்னல் கம்பிக்குப் பூசிய பெயின்ட் அடுத்த மழைக்காலத்துக்குள் கொப்புளிக்கும். கேட்டின் அடிவிளிம்பு பொருக்குப் பொருக்காக உதிரும். மரைன் டிரைவைப் பார்த்தபடி தொங்கும் குளிரூட்டிப் பெட்டிகளின் தாங்கிகளை அண்ணாந்து பார்த்தால், கீழே நடக்கவே பயம் வரும். மே தொடங்கி செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, உடையும் ஒவ்வொரு அலையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகளை அள்ளிக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டி வீடுகளுக்குள் வருகிறது. காற்றில் ஈரப்பதன் அறுபது வீதத்தைத் தாண்டினாலே இரும்பு கறள் கட்டத் தொடங்கும் என்கிறது வேதியியல். கொழும்பில் அதற்குக் கீழே இறங்கும் நாட்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உப்பும் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை இன்னும் இறங்கிவிடும்.

இப்படிப்பட்ட இடத்தில், மலைநாட்டு மழையில் ஏற்கெனவே பாதி தின்னப்பட்ட பழைய லாண்ட் ரோவர் ஒன்றைக் கொண்டுவந்து போர்ட்டிகோவில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமையும் போயா விடுமுறையும் பார்த்துக் கழற்றிப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டாரிடம் கேட்டால் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள். ஆனாலும் இந்த வேலைக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்த்தால், கறளைச் சுரண்டுவது அதில் சுலபமான பாகம் என்று தெரிகிறது. எங்கே சுரண்டாமல் நிறுத்துவது என்பதுதான் ஆளை உட்கார வைத்து யோசிக்கச் செய்கிறது.

லாண்ட் ரோவருக்குக் கறள் பிடிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு வந்தது. விமானத் தொழில் பயன்படுத்திய அலுமினியமோ தாராளமாகக் கிடைத்தது. ரோவர் கம்பனியின் பொறியியல் தலைவர் மோரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் அமெரிக்கப் போர்க்கால ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது தேய்ந்துபோனால் அடுத்தது என்ன என்ற கேள்வியிலிருந்து 1947இல் பிறந்த யோசனை, 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் வாகனமாக நின்றது. அதன் உடற்தகடு ‘பேர்மாபிரைட்’ எனும் அலுமினிய மக்னீசியக் கலவை. ஆரம்ப வண்டிகளின் பச்சை நிறம்கூட விமானங்களின் உட்புறத்துக்குப் பூசி மிஞ்சிய பெயின்ட்தான். ஆனால் அத்தனையையும் தாங்கும் சேஸி உருக்கு. எஞ்சினுக்கும் சாரதிக்கும் இடையே நின்று கதவுகளையும் முன்கண்ணாடியையும் பிடித்திருக்கும் பல்க்ஹெட்டும் உருக்கு. மேலே பொனட் பளபளக்க, கீழே சேஸி பப்படமாகியிருக்கும் வண்டிகள் அதனால்தான் இவ்வளவு விலைப்படுகின்றன. வாங்குபவர் நின்றுகொண்டு பார்க்கிறார். படுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு உலோகமும் தொடும் இடங்கள் இன்னொரு தலைவலி. அலுமினியமும் உருக்கும் ஒட்டி நிற்க, நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அங்கே ஒரு சிறிய மின்கலம் உருவாகிவிடும். அதில் கரைந்துபோவது அலுமினியம். கதவின் அடிப்பகுதியிலும் இணைப்பு ஆணிகளைச் சுற்றியும் வெள்ளைப் பொடியாக வருவது அதுதான். கடற்கரையிலிருந்து நான்கு வீடு தள்ளி இந்த வேலையைச் செய்பவர், மறுபடி பூட்டும்போது இரண்டு உலோகத்துக்கும் நடுவே நைலோன் வாஷரோ தடித்த பிரைமரோ வைக்காவிட்டால் சில வருடங்களில் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

இந்த வண்டிகள் கொழும்புக்கு வந்து சேர்ந்த வழி பெரும்பாலும் மலையிலிருந்து கீழ்நோக்கியது. ஜீப் என்ற உருவம் இங்கே போரோடு வந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டெல்லியிலிருந்து கண்டிக்கு இடம்பெயர்ந்தபின், பேராதனையைச் சுற்றி வில்லிஸ் ஜீப் ஓடாத வீதியில்லை. லாண்ட் ரோவர் வந்து உட்கார்ந்தது தேயிலைத் தோட்டங்களில். செங்குத்தான தோட்டத்துப் பாதை, முழங்கால் அளவு சேறு, கொழுந்து மடுவத்துக்கும் பங்களாவுக்கும் இடையே ஓயாத ஓட்டம். அதற்கென்றே செய்ததுபோல அமைந்த வண்டி. லயத்துப் பிள்ளைகளுக்கு அது துரையின் வண்டி. சத்தம் கேட்டதும் பாதையிலிருந்து விலகி நிற்க வேண்டிய வண்டி. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய வாகனங்கள் ஓரங்கட்டப்பட்டன. துரை ஏறிய வண்டியில் மரக்கறி மூட்டை ஏறியது. பிறகு அதுவும் நின்று, கொட்டகைக்குப் பின்னால் மானாப்புல் வளர்ந்து மூடியது.

அதே காலத்தில் மிட்சுபிஷி, வில்லிஸிடம் 1953இல் பெற்ற உரிமத்தின் பேரில் ஜீப் செய்யத் தொடங்கி, 1998 வரை விடாமல் செய்தது. அதன் 4டிஆர்5 டீசல் எஞ்சின் இங்கே எவ்வளவு பிரபலம் என்றால், வண்டியின் பெயரையே விட்டுவிட்டு எஞ்சினின் இலக்கத்தைச் சொல்லித்தான் விற்பார்கள். அந்த ஜீப்புக்கு உடலும் உருக்கு என்பதால் வெள்ளவத்தைக் காற்றில் இன்னும் வேகமாகக் கரையும். லாண்ட் ரோவர்க்காரர்கள் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள்.

பழைய வண்டி வந்ததும் முதல் வேலை சுத்தியல். சிறிய சுத்தியலால் சேஸியை நீளத்துக்குத் தட்டிக்கொண்டு போக வேண்டும். நல்ல இடம் மணிபோல் ஒலிக்கும். கெட்ட இடம் ‘டொக்’ என்று செத்துப்போகும். அங்கே ஸ்குரூட்ரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். தகடுகளைப் பெட்டிபோல் ஒட்டிச் செய்த சேஸி என்பதால் சேறும் நீரும் உள்ளே தேங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. வெளியே ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே கதை முடிந்துவிட்டது. பின் குறுக்குச் சட்டம், உடலைத் தாங்கும் பக்கக் கைகள், இலை ஸ்பிரிங் தொங்கும் கொக்கிகள், பல்க்ஹெட்டின் கால் வைக்கும் குழிகள், இவைதான் முதலில் போகும். விற்க வந்தவர் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்து வைத்திருந்தால், அதைக் கண்டு சந்தோஷப்படாமல் சந்தேகப்பட வேண்டும்.

வீட்டிலேயே ஏன்? கராச்சில் விட்டால் என்ன? விடலாம். ஆனால் அங்கே தினசரி வருமானம் தரும் வேன்களும் முச்சக்கர வண்டிகளும் முன்னுக்கு நிற்கும். பழைய லாண்ட் ரோவர் மெதுவாகப் பின்மதிலுக்குத் தள்ளப்படும். பிறகு அதன் மேல் மற்ற வண்டிகளின் கதவுகள் அடுக்கப்படும். வீட்டில் வைத்தால், கழற்றிய சாமான் குறைந்தபட்சம் நம் கண் முன்னால் காணாமல் போகும். டிங்கர் பாஸும் வயரிங் பாஸும் லீவு நாளில் வீட்டுக்கே வருவார்கள். தேநீர், மதியச் சாப்பாடு, கூலி. தமிழ், சிங்களம், இரண்டும் கலந்த கராச் பாஷை ஒன்று. சிறிய இன்வேட்டர் வெல்டர் வீட்டுப் பதினைந்து அம்பியர் பிளக்கிலேயே இழுக்கும். ஆனால் வெள்ளவத்தை இப்போது தனி வீடுகளின் ஊர் இல்லை. மேலே நான்கு மாடி, பக்கத்தில் ஆறு மாடி, ஒவ்வொரு மாடியிலும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பிள்ளை. கிரைண்டர் ஓடும் நேரத்தை அயலட்டையோடு பேசித் தீர்த்துக்கொள்ளாதவர் வண்டியை முடித்ததில்லை. சுரண்டும் தூசி வேறு. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், பழைய பிரேக் சூவில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். உலர்ந்தபடி சுரண்டாமல், நனைத்து, நல்ல முகமூடி போட்டுச் செய்ய வேண்டும். பெற்றோல் தாங்கியை மட்டும் வீட்டில் யாரும் வெல்டிங் செய்யக்கூடாது. காலியான தாங்கிதான் அதிக ஆபத்து. உள்ளே நிற்பது ஆவி.

இறுகிப்போன ஆணிகளோடுதான் வாரங்கள் கழியும். மண்ணெண்ணெயும் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றி, அடுத்த போயாவரை ஊறவிட்டு, பிறகு சூடு காட்டி, மெல்லத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் தலை கையோடு வரும், உடல் உள்ளேயே நிற்கும். ஆரம்ப கால வண்டிகளில் பிரித்தானிய விட்வேர்த் வகை மறை, பிந்தியவற்றில் யூஎன்எஃப் மறை, நடுவே யாரோ மாற்றிய ஜப்பான் எஞ்சினில் மெட்ரிக் மறை. ஒரே வண்டிக்கு மூன்று செட் ஸ்பனர் வேண்டும். பாட்டரி இணைப்பிலும் ஒரு பொறி உண்டு. 1960களின் நடுப்பகுதிவரை வந்தவற்றில் நேர்முனைதான் சேஸியில் பூட்டப்பட்டிருக்கும். தெரியாமல் மாற்றிக் கொடுத்தால் புகைதான் முதல் சமிக்ஞை.

கறளை எடுப்பதற்கு வழிகள் பல. பொருக்குகளைக் கம்பித் தூரிகையால் எடுப்பது எல்லோரும் செய்வது. சிறிய பாகங்களுக்குச் சலவைச் சோடா கரைத்த வாளியும் பாட்டரி சார்ஜரும் போதும். பாகத்தை எதிர்முனையிலும், பழைய இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையிலும் கட்டித் தொங்கவிட்டால், ஓர் இரவில் கறள் சேறாகக் கழன்று நிற்கும். காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும், ஹைட்ரஜன் வரும். கழிவுத் தகட்டுக்குப் பதிலாகத் துருவேறா உருக்கைத் தொங்கவிட்டால் நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். அதைச் செய்யவே கூடாது. ஆனால் எனக்குப் பிடித்த வழி நம் ஊர்ச் சரக்கிலேயே இருக்கிறது. கடைகளில் விற்கும் ‘கறள் மாற்றி’ திரவங்கள் பலவற்றின் சத்து டானின். இரும்பு ஒக்சைட்டோடு சேர்ந்து அதைக் கருநீலமான, இறுகிய ஒரு படலமாக மாற்றிவிடும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோர் செய்ததும் இதே வேதியியல்தான். புறக்கோட்டை கபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடையில் கடுக்காய் கிடைக்கும். கடும் சாயத் தேநீரில்கூட டானின் உண்டு. தோட்டத்து வண்டியின் கறளைத் தேயிலைச் சாயம் கறுக்க வைப்பதைப் பார்க்க ஒரு திருப்தி. ஒன்று, மெல்லிய கறளுக்கு மட்டுமே இது. ஓட்டை விழுந்த இடத்துக்குக் கடுக்காயும் இல்லை, கடவுளும் இல்லை. வெட்டி எறிந்து புதுத் தகடு ஒட்டத்தான் வேண்டும்.

அந்தத் தகட்டுக்கும் ஆணிக்கும் நகரத்தின் மறுகோடிக்குப் போக வேண்டும். பழைய சோனகத் தெருவில் இரும்பு, மருதானைப் பக்கம் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம். காலையில் களவுபோன உங்கள் பக்கக் கண்ணாடியை மாலையில் உங்களுக்கே விற்கும் இடம் என்று கொழும்பே கேலி செய்யும் சந்தை அது. ஆனால் அறுபது வருடத்துக்கு முந்திய பாகத்தைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால், ஒருவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, மூன்று கடை தள்ளி இன்னொருவரிடம் அனுப்புவார். அவர் வேறொருவரிடம். அப்படி அலைந்து கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது லேத் பட்டறை. ‘சாமான் இல்லை’ என்பதற்கு அங்கே ‘செய்யலாம்’ என்று அர்த்தம்.

கொட்டாஞ்சேனை, ஆமர் வீதிப் பக்கத்துப் பட்டறைகளின் கைத்திறனைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கிலாந்தில் ரிச்சர்ட்ஸ், மார்ஸ்லண்ட் போன்ற நிறுவனங்கள் நாகம் முலாமிட்ட புதுச் சேஸியே செய்து விற்கின்றன. பழையதைக் கழற்றி எறிந்து, புதியதில் பூட்டிக்கொள்ளலாம். கப்பலில் ஏற்றி, வரி கட்டி அதை இறக்கும் செலவு இங்கே பலருக்குக் கட்டாது. அதனால் டிங்கர் பாஸ் ஒருவர் தட்டையான தகட்டை மணல்மூட்டை மேல் வைத்து, மரச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பல்க்ஹெட்டின் வளைவைக் கொண்டுவருகிறார். வரைபடம் இல்லை. பழைய துண்டில் மிஞ்சியிருக்கும் பாதியைப் பார்த்து மறுபாதியை ஊகிக்கிறார். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரு நூல் வித்தியாசம் வரும். லண்டன் நிபுணர் அதைக் குறை என்பார். எனக்கு அது கையெழுத்து.

எஞ்சின் விஷயத்தில் சண்டையே வரும். இலங்கையில் ஓடும் பழைய லாண்ட் ரோவர்களில் பலவற்றின் பொனட்டைத் திறந்தால் உள்ளே ஜப்பான் டீசல் எஞ்சின் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு மூலப் பெற்றோல் எஞ்சினைத் தேடிப் பூட்ட வேண்டும் என்பது தூய்மைவாதிகள் கட்சி. இந்தக் கட்சியில் நான் இல்லை. டார்ஜிலிங்குக்கு அருகே மனேபஞ்சங்கிலிருந்து சந்தக்பூவுக்கு ஏறும் செங்குத்துப் பாதையில் 1950களின் லாண்ட் ரோவர்கள் இன்றும் ஆளேற்றி ஓடுகின்றன. பலவற்றில் மஹிந்திரா டீசல் எஞ்சின். அது இல்லையென்றால் அந்த வண்டிகள் எப்போதோ பழைய இரும்பாகியிருக்கும். பெற்றோலுக்கு வழியில்லாத காலத்தில் டீசலுக்கு மாறியது இந்த வண்டிகளின் வரலாறு. வரலாற்றைக் கழற்றி வைத்துவிட்டு அசலைத் தேடுவதில் எனக்கு ருசி இல்லை.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதும் இல்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைப்பது அரிதான குடாநாட்டில், ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினை எழுப்ப மட்டும் சின்னப் போத்தலிலிருந்து காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல். சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவார்கள். உதிரிப்பாகம் என்று எதுவுமே வராத இடத்தில் அந்த வண்டிகளை ஓட வைத்தவர்களின் பிள்ளைகள் சிலர் இன்று வெள்ளவத்தையில் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பழைய வண்டி ஒரு பொழுதுபோக்கு மட்டுமல்ல, வீட்டில் கேட்டு வளர்ந்த பழக்கம்.

சுரண்டக்கூடாத இடங்கள் என்று மூன்றைச் சொல்வேன். முதலாவது சட்டம் சம்பந்தப்பட்டது. சேஸி இலக்கம் பொறித்த இடம், முன் வலப்பக்க ஸ்பிரிங் கொக்கிக்கு அருகே, கறள் அதிகம் விழும் பகுதியிலேயே இருக்கும். கிரைண்டரை அங்கே ஒரு நிமிடம் அதிகம் வைத்தால் இலக்கம் போய்விடும். பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த வண்டிக்கு அடையாளமே இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் நாட்டில் ஏற்கெனவே இருந்த ஒவ்வொரு பழைய வாகனத்தின் விலையும் ஏறியது. பதிவுப் புத்தகமும் சேஸி இலக்கமும் பொருந்தி நிற்கும் வண்டிக்கு இருக்கும் மதிப்பு, எவ்வளவு அழகாகப் பூசினாலும் இலக்கம் அழிந்த வண்டிக்கு வராது. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் அட்டையைக் காட்டி வாரத்துக்கு இருபது லீற்றர் வாங்கிய நாட்களில், அடையாளம் தெளிவில்லாத வண்டிகள் வீட்டிலேயே நின்றன.

இரண்டாவது, பெயின்ட்டின் அடுக்குகள். கதவின் உட்பக்கத்தை மெதுவாகத் தேய்த்தால் மேல் வெள்ளைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே பச்சை, சிலவேளை யாரோ தூரிகையால் எழுதிய தோட்டத்துப் பெயரின் அரைகுறை எழுத்து. எல்லாவற்றையும் வழித்துப் புதுப் பச்சை அடித்துவிடுவதே வழமை. இங்கிலாந்தில் வேறு மாதிரி ஒரு வேலை நடந்தது. தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கென வந்த முதல் லாண்ட் ரோவர், சேஸி இலக்கம் 860001, வட இங்கிலாந்து வயலொன்றில் ஆண்டுக்கணக்கில் மழையில் கிடந்தது. அதைக் கோடீஸ்வரர் ஜிம் ராட்கிளிஃப் வாங்கியபோது, மீளமைத்த ஜூலியன் ஷூல்ஹைஃபர் முடிந்தவரை பழைய பாகங்களையே பழுதுபார்த்துப் பூட்டினார். உடற்தகட்டின் நசுக்கல்களையும் மங்கிய பூச்சையும் அப்படியே விட்டார். பணம் குறைவென்று செய்ததல்ல அது. அவ்வளவு பணம் உள்ளவரே பளபளப்பு வேண்டாமென்றார் என்பதை நம் பெயின்ட் பாஸ்மாருக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

மூன்றாவது, இலக்கத்தகடு. 1957இல் வாகன இலக்கத்தில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை அரசுடைமையானபின், அந்த எழுத்தோடு பஸ்கள் வடக்குக்கு வந்தன. தமிழரசுக் கட்சியின் ஸ்ரீ எதிர்ப்பு இயக்கத்தில் சிங்கள ஸ்ரீக்கு மேல் தார் பூசித் தமிழ் எழுத்து எழுதினார்கள். தெற்கில் அதற்குப் பதிலடியாகத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. பிரதமரும் தமிழரசுக் கட்சித் தலைவரும் செய்திருந்த பண்டா-செல்வா ஒப்பந்தம் ஏப்ரல் 9ஆம் திகதி கிழிபட்டது. மே மாதம் தமிழருக்கு எதிரான கலவரம். தாரில் தொடங்கியது தாரோடு நிற்கவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து 1983 யூலையில், இதே வெள்ளவத்தை வீதிகளிலும் கொட்டாஞ்சேனையிலும் வாகனங்களை மறித்து, அவற்றின் பெற்றோலையே உறிஞ்சி எடுத்துத் தமிழர் வீடுகளையும் கடைகளையும் கொளுத்தினார்கள். இந்தப் பகுதியின் தமிழ் வீடுகளில் தாத்தா காலத்து வண்டி என்று காட்ட அதிகம் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது மீளமைப்பவர்கள் பலர் வேறு யாரோ வைத்திருந்ததை வாங்கித்தான் தொடங்குகிறார்கள்.

இன்று அந்த ஸ்ரீ எழுத்தே வண்டியின் வயதுக்குச் சான்று. விளம்பரங்களில் ‘ஸ்ரீ நம்பர்’ என்று முதல் வரியிலேயே போடுகிறார்கள். தமிழ் உரிமையாளரும் அதைக் கண்டு கூடுதலாகக் கொடுக்கிறார். 2000ஆம் ஆண்டிலிருந்து புது வாகனங்களுக்கு ஆங்கில எழுத்து திரும்பி வந்துவிட்டதால், எவரையும் கோபப்படுத்த அதற்குச் சக்தி இல்லை என்று ஆகிவிட்டது. பெரியவர் ஒருவர் திண்ணையிலிருந்து பார்த்தால் சில விநாடி பேசாமல் இருக்கலாம். எழுத்தைப் புதிதாக எழுதக் கொடுப்பதா, மங்கியபடி விடுவதா என்று பெயின்ட் பாஸ் கேட்பார். மங்கியபடியே விடச் சொல்வேன். அதன் மேல் தார்க்கறை ஏதும் மிஞ்சியிருந்தால் அதையும்தான்.

வேலை முடிந்து, புகைப் பரிசோதனையில் தேறி, வருமான அனுமதிப்பத்திரமும் எடுத்தபின் மறுபடி கடல் ஆரம்பிக்கும். படங்கு போட்டு மூடுவது நல்லதென்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். மூடாமல், ஓட்டி வந்த ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவி, சேஸியின் வடிகால் துளைகளைக் குத்தித் திறந்து வைப்பதே மேல். ஏப்ரல் கடைசியில், காற்று திரும்புமுன், சேஸிப் பெட்டிகளுக்குள் மெழுகெண்ணெய் பீச்ச வேண்டும். அட்டன் பக்கம் உறவினர் இருப்பவருக்கு இன்னொரு வழி உண்டு. மே பிறந்ததும் வண்டியை அங்கேயே அனுப்பிவிடலாம். உப்பு இருக்காது, மழை மட்டும்தான்.